அக்காவுக்குக் கொடுத்த ஊர்

கம்ப்யூட்டர் திரையில் ஸ்பானிய மன்னராக வாழ்ந்து பார்த்த ஒரு பாங்க் அதிகாரியும், 900 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பாகப்பிரிவினையும்

1065-ம் ஆண்டு டிசம்பரில் ஸ்பெயினின் லெயோன் நகரில் மன்னர் முதலாம் ஃபெர்னாண்டோ காலமானார். போவதற்கு முன்பே பாகம் பிரித்துவிட்டார். மூத்த மகன் சாஞ்சோவுக்குக் காஸ்டில். நடு மகன் அல்ஃபோன்ஸோவுக்கு லெயோன். கடைக்குட்டி கார்ஸியாவுக்குக் கலீஸியா. மகள்களையும் அவர் மறந்துவிடவில்லை. எல்லோருக்கும் மூத்தவளான உர்ராக்காவுக்கு ஸமோரா நகரம், இளையவள் எல்விராவுக்குத் தோரோ என்கின்றன பழங்கதைகள். மடங்களின் வருமானமும் அந்த இருவருக்குத்தான், திருமணம் செய்துகொள்ளாமல் இருக்கும் வரை. யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்று நினைக்கும் தகப்பன் செய்கிற காரியம். விளைவும் வழக்கமானதுதான். யாருக்கும் திருப்தியில்லை.

தாயார் இருந்த வரை பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். 1067-ல் அவர் கண்ணை மூடினார். மறு ஆண்டே அண்ணனும் தம்பியும் போர்க்களத்தில் சந்தித்துக்கொண்டார்கள். 1071-ல் அண்ணன்மார் இருவரும் சேர்ந்து கடைக்குட்டியின் கலீஸியாவைப் பங்கு போட்டார்கள். 1072 ஜனவரியில் சாஞ்சோ, அல்ஃபோன்ஸோவைத் தோற்கடித்து நாட்டை விட்டே துரத்தினார். தோற்றவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் டொலேடோவின் முஸ்லிம் மன்னர் அல்-மாமூன். மூன்று நாடுகளும் சாஞ்சோ கைக்கு வந்தன. அடங்காமல் நின்றது ஒரே ஊர், அக்காவின் ஸமோரா. அதையும் பிடுங்கப் போன சாஞ்சோ, அக்டோபர் மாதம் அந்தக் கோட்டைச் சுவருக்கு வெளியே கொலையுண்டார். ஓடிப்போன அல்ஃபோன்ஸோ திரும்பி வந்தார். உழைக்காமலே மூன்று கிரீடங்களும் அவருக்கு. 1073-ல் தம்பி கார்ஸியாவைப் பிடித்துச் சிறையில் போட்டார். 17 ஆண்டுகள் கழித்து, 1090-ல், சிறையிலேயே இறந்தார் தம்பி. தன்னை விலங்கோடே புதைக்கச் சொன்னார் என்பது செவிவழி வந்த செய்தி. சிறையில் போடும் யோசனை அக்கா உர்ராக்காவுடையது என்கிறது ஒரு பழைய வரலாறு.

இந்தக் குடும்பச் சண்டையின் நடுவில் போய் உட்கார இன்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும். ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2004-ல் தொடங்கிய ‘க்ரூஸேடர் கிங்ஸ்’ விளையாட்டின் மூன்றாம் பாகம் 2020 செப்டம்பரில் வெளிவந்தது. விளையாடுகிறவர் 1066-ம் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், விரிந்து கிடக்கும் வரைபடத்தில் அன்று ஆண்டுகொண்டிருந்த மன்னர்களும் சிற்றரசர்களும் வரிசையாகக் காத்திருப்பார்கள். எவரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1453 வரை அவர் வம்சத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்துக்கொண்ட ராஜா செத்துப்போனால் ஆட்டம் முடிந்துவிடாது. அடுத்த நொடியே விளையாடுகிறவர் அந்த ராஜாவின் வாரிசு. தகப்பனாக இருந்தபோது எந்த மகனை அலட்சியம் செய்தாரோ, அந்த மகனாகவே மாறி, அப்பாவைப் பற்றி அவன் மனதில் என்ன இருந்தது என்பதைப் படிக்க நேரிடும்.

பெருமை, புகழ், பக்தி எல்லாவற்றுக்கும் இதில் கணக்கு உண்டு. குடும்பத்தினர் பல நாடுகளில் பதவியில் இருந்தால் வம்சத்தின் புகழ் ஏறும். அந்தப் புகழைச் செலவழித்துப் பரம்பரைச் சிறப்புகளை வாங்கலாம். போர்த்திறம் ஒரு விலை, சட்ட நுணுக்கம் ஒரு விலை. நல்ல ரத்தம்கூட விற்பனைக்கு உண்டு. வாங்கிவிட்டால் அழகும் அறிவும் உள்ள பிள்ளைகள் பிறக்கும் வாய்ப்பு கூடும். ஒரு மன்னன் விட்டுச்செல்லும் மரபு என்பதைப் படிப்படியாக வாங்கும் சரக்காகவே ஆக்கியிருக்கிறார்கள்.

புணேயில் ஒரு பாங்கில் அதிகாரியாக இருக்கும் 48 வயதுத் தமிழர் ஒருவர், ஊரடங்குக் காலத்தில் இந்த விளையாட்டில் விழுந்தார். சொந்த ஊர் தஞ்சாவூர் ஜில்லா. அக்கா ஒருவர், அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். ஃபெர்னாண்டோவின் பிள்ளைகளைத் திரையில் பார்த்தபோது அவருக்குச் சொந்த வீட்டு நினைவு வரவில்லை. மூன்று சின்ன நாடுகள், பக்கத்துப் பக்கத்தில். சுலபமாகச் சேர்த்துவிடலாம். அதுதான் கண்ணில் பட்டது.

முதல் மூன்று முறை ஜெயிப்பதற்காக ஆடினார். ஜெயிக்கும் வழி எல்லா ஆட்டக்காரர்களுக்கும் தெரிந்ததே. சகோதரனைக் கொல்லச் சதி செய்யலாம். சதி பலிக்க எத்தனை சதவிகித வாய்ப்பு என்று திரையே சொல்லும். அந்தக் காலச் சட்டப்படி ராஜா இறந்ததும் பட்டங்கள் மகன்களுக்குப் பிரிந்துபோகும். நாடு சிதறக் கூடாது என்றால் கூடுதலாகப் பிறந்த மகன்களை மடத்துக்கு அனுப்பலாம், வாரிசுரிமையைப் பறிக்கலாம். மகள்கள் வெளிநாட்டுக் கூட்டணிக்கு உதவுவார்கள். மூன்று ஆட்டங்களிலும் அவருடைய வம்சம் கொழித்தது. மூன்றாவது ஆட்டத்தின் முடிவில், தன் ராஜாக்களில் ஒருவர் பெயர்கூட நினைவில்லை என்பதைக் கவனித்தார்.

இதை ஆடுகிறவர்களில் இன்னொரு ஜாதி உண்டு. ஜெயிப்பது அவர்களுக்குப் பெரிதல்ல. கிடைத்த ராஜாவின் குணம் என்னவோ, அந்தக் குணப்படி நடப்பார்கள், நஷ்டம் வந்தாலும். ஆங்கிலத்தில் இதை ரோல் ப்ளே என்கிறார்கள். தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க ஆங்கிலம் தேவையில்லை. தெருக்கூத்தில் பதினெட்டாம் போர் அன்று துரியோதனன் வேஷம் கட்டியவர் பீமனை ஜெயிக்கப் பார்ப்பதில்லை. விடிவதற்குள் விழப்போகிறோம் என்று தெரிந்துதான் முகத்தில் அரிதாரம் பூசுகிறார். விழும் வரை அவர் துரியோதனன். அவ்வளவுதான் சங்கதி.

விளையாட்டும் இதற்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. இரக்க குணமுள்ள ராஜா கைதியைக் கொன்றால் மன அழுத்தம் ஏறும். அது எல்லை மீறினால் ஆள் நொறுங்கிப்போவான், குடிக்கு அடிமையாகலாம், நோயில் விழலாம். மனசாட்சிக்கு விரோதமாக நடந்தால் உடம்பு தாங்காது என்பதை ஸ்வீடன்காரர்கள் எண்களில் எழுதியிருக்கிறார்கள்.

பாங்க் அதிகாரி நான்காவது முறை அல்ஃபோன்ஸோவாக உட்கார்ந்தபோது தனக்குத் தானே மூன்று விதிகள் வைத்துக்கொண்டார். ஆட்டம் கெட்டுப்போனால் பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி ஆடக் கூடாது. ராஜாவின் குணம் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு பத்து வருடம் முடிந்ததும் ராஜா எழுதுவதாக டைரியில் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

மூன்றாவது விதிதான் அவரைப் படாதபாடு படுத்தியது. 11-ம் நூற்றாண்டு ஸ்பானிய ராஜா எந்தத் தமிழில் எழுதுவார்? முதல் பக்கம் சரித்திர நாவல் பாணியில் வந்தது. ‘யாம்’ என்று தொடங்கி, வாளும் புரவியுமாக நிறைந்து, கடைசியில் ஒன்றுமே சொல்லாமல் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் ‘யாம்’, ‘நாம்’ ஆயிற்று. அண்ணனோடு போர் மூண்டு, தோற்று, ஓடி, மறுபடி எழுந்த பிறகு எழுதிய பக்கத்தில் ‘நான்’ வந்தது. “தம்பியைச் சிறையில் வைத்திருக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. அதனால்தான் வைத்திருக்கிறேன்.” இந்த மூன்று வாக்கியங்களை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

சரித்திரத்தில் போலவே அவருடைய ஆட்டத்திலும் கார்ஸியா பிடிபட்டிருந்தார். சிறையில் இருப்பவரை என்ன செய்வது என்று கேட்டு விளையாட்டு வழிகளை அடுக்கும். பணம் வாங்கிக்கொண்டு விடலாம், தலையை வாங்கலாம், சும்மா வைத்திருக்கலாம். விட்டால் அவருக்கு அரியணை மீது இருக்கும் உரிமையும் கூடவே வெளியே போகும். உண்மையான அல்ஃபோன்ஸோ 17 ஆண்டுகள் சும்மா வைத்திருந்தார். திரையில் 17 ஆண்டுகள் என்பது நாலைந்து ராத்திரிகள். அதற்கே பாங்க் அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அல்ஃபோன்ஸோ ஒன்பதாம் ஆண்டில் தம்பியை விடுதலை செய்தார். தம்பி கலியாணம் செய்துகொண்டார், பிள்ளை பெற்றார், பிறகு அண்ணனுக்கு எதிராகச் சேர்ந்த கூட்டத்தில் தானும் சேர்ந்தார். நன்றியை எதிர்பார்த்து விடவில்லை என்று டைரியில் ஒரு வரி இருக்கிறது.

அவருடைய அல்ஃபோன்ஸோவுக்கு முதலில் பிறந்தவை இரண்டு பெண்கள். இங்கேதான் பெரிய சோதனை. இந்த விளையாட்டில் பெண்ணுக்கு இரண்டு விதமாகக் கலியாணம் செய்யலாம். சாதாரணக் கலியாணம் என்றால் பிறக்கும் பிள்ளைகள் மாப்பிள்ளை வம்சம். வீட்டோடு மாப்பிள்ளை போல ஒரு ஏற்பாடும் உண்டு. அதில் பிள்ளைகள் பெண்ணின் வம்சம். புத்தியுள்ள ஆட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத்தான் எடுப்பார். காரணம், வாரிசு வேறு வம்சமாக இருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஆனால், பிரான்சிலிருந்து வரும் கௌரவமான குடும்பத்துப் பையனை உன் பெயரை விட்டுவிட்டு வா என்று லெயோன் மன்னர் கேட்பாரா? கேட்க மாட்டார் என்று இவர் முடிவு செய்தார். மூத்த பெண்ணைச் சாதாரணமாகவே கட்டிக்கொடுத்தார். வயதான காலத்தில் ஒரு மகன் பிறந்ததும் நிம்மதியானார். மகன் 12 வயதில் அம்மை கண்டு இறந்தான். சில வருடங்களில் ராஜாவும் போய்ச் சேர்ந்தார். அந்த நொடியில் பாங்க் அதிகாரி, லெயோன் நாட்டு அரசியானார்.

அரசி நன்றாகவே ஆண்டாள். 19 ஆண்டுகள். கலகக்காரப் பிரபுக்களை அடக்கினாள், எல்லையைக் காப்பாற்றினாள். ஆனால் அவள் மூத்த மகன் அப்பா வம்சம். ஆட்டம் தொடர ஒரு வழி இருந்தது. அவளுடைய பிள்ளைகள் இல்லாமல் போனால் பட்டம் கார்ஸியாவின் மகனுக்குப் போகும். அவன் சொந்த வம்சம். அதாவது, தாய் தன் பிள்ளைகளைக் கொன்றால் போதும். ஜெயிக்க ஆடுகிறவர்கள் இதைக் காப்பி குடித்துக்கொண்டே செய்வார்கள். இவர் செய்யவில்லை. 1131-ல் அரசி இறந்தாள். ஆட்டம் முடிந்தது என்று திரை அறிவித்தது. இன்னும் 322 ஆண்டுகள் பாக்கி.

கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரே பிள்ளை.

“அந்தப் பொண்ணோட பையன்தானே இப்போ ராஜா? அப்புறம் நீ எப்படிப்பா தோத்தே?”

“வம்சம் மாறிடுச்சும்மா.”

“பேர்தானே மாறிச்சு?”

அவர் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, உண்மையான அல்ஃபோன்ஸோவுக்கு என்ன ஆயிற்று என்று படிக்க ஆரம்பித்தார்.

அங்கே அவருக்குக் காத்திருந்தது இதே கதை. ஆறாம் அல்ஃபோன்ஸோவின் ஒரே மகனும் பெரியப்பா பெயரைத் தாங்கிய ஒரு சாஞ்சோ. அவன் தாய் ஸெய்தா, முஸ்லிம் அரச குடும்பத்திலிருந்து அடைக்கலமாக வந்தவள். 1108-ல் உக்லேஸ் போரில், மீசை அரும்பும் வயதில், அவன் இறந்தான். மறு ஆண்டு கோடையில் தகப்பனும் இறந்தார். கிரீடம் மகளுக்கு வந்தது. அவள் பெயரும் உர்ராக்கா, ஸமோராவைக் காத்த அத்தையின் பெயர். விதவையாக இருந்தவளை ஆரகான் மன்னருக்குக் கட்டி வைத்தார்கள். அந்தக் கணவரோடு போரே நடத்த வேண்டியிருந்தது. 1109 முதல் 1126 வரை, 17 ஆண்டுகள், தன் பெயரிலேயே அவள் ஆண்டாள். அவளுக்குப் பின் வந்தவர் முதல் கணவர் பர்கண்டி ரேமண்டின் மகன் ஏழாம் அல்ஃபோன்ஸோ. 1135-ல் லெயோனில் சக்கரவர்த்தியாக முடிசூடிக்கொண்டார் இவர். தாத்தாவின் ஹிமெனெஸ் வம்சம் லெயோனில் அத்தோடு சரி. விளையாட்டின் விதிப்படி பார்த்தால் ஆறாம் அல்ஃபோன்ஸோ 1126-ல் தோற்றுப்போனார்.

முறைப்படி மணக்காத பெண்ணிடம் அவருக்குப் பிறந்தவள் தெரேஸா. போர்ச்சுகல் என்ற சிறு பகுதியை அவளுக்கும் அவள் கணவர் பர்கண்டி ஹென்றிக்கும் கொடுத்து வைத்தார். தெரேஸாவின் மகன் அஃபோன்ஸோ ஹென்ரிக்கெஸ் 1139-ல் தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பகுதி இன்றும் தனி நாடு. விளையாட்டின் கணக்கில் இதற்கும் புள்ளி கிடையாது, பேரன் மாப்பிள்ளை வம்சம்.

1085-ல் டொலேடோவை அல்ஃபோன்ஸோ பிடித்தார். அடைக்கலம் கொடுத்த அதே ஊர். அடுத்த நூற்றாண்டில் கிரமோனாவின் ஜெரார்ட் அங்கே வந்து உட்கார்ந்து, தாலமியின் வானநூல், இப்னு சீனாவின் மருத்துவநூல் உள்பட எழுபதுக்கு மேற்பட்ட அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தார். அல்-குவாரிஸ்மியின் அல்ஜீப்ராவும் அவற்றில் ஒன்று. ஊரைப் பிடித்த ராஜாவின் மனதில் இதெல்லாம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

அதே 1066-ம் ஆண்டு வரைபடத்தின் கீழ்க்கோடியில் சோழ நாடும் இருக்கிறது. அப்போது மன்னர் வீரராஜேந்திரன். 1070-ல் அவர் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் அதிராஜேந்திரன் சில மாதங்களே இருந்தார். பிறகு வேங்கியிலிருந்து வந்து அரியணை ஏறியவர் முதலாம் குலோத்துங்கன். தகப்பன் வழி கீழைச் சாளுக்கியர். தாய் அம்மங்கை, ராஜேந்திர சோழனின் மகள். விளையாட்டைக் கேட்டால் சோழர் ஆட்டம் 1070-ல் முடிந்தது. சரித்திர ஆசிரியர்கள் சாளுக்கிய சோழர் என்று ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். ஆனாலும் குலோத்துங்கன் சோழனாகவே சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆண்டார், சோழனாகவே நினைக்கப்படுகிறார். மகள் வழியாக ஒரு வம்சம் இரண்டு நூற்றாண்டு வாங்கிக்கொண்டது.

தஞ்சாவூர் ஜில்லாவில் இருக்கும் வீட்டுக்கு வருவோம். பாங்க் அதிகாரியின் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மாவும் இல்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்கு. அண்ணன் வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டார். பாக்கி இருந்தது அக்காவின் விடுதலைப் பத்திரம் ஒன்றுதான். பங்கை விட்டுக்கொடுத்தேன் என்று பெண்பிள்ளைகளிடம் எழுதி வாங்கும் தாளுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸில் அதுதான் பெயர். விடுதலை யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

“அக்கா கலியாணத்துக்கு அப்பா எவ்வளவு செஞ்சார்னு உனக்கே தெரியும். ஒரு கையெழுத்துதானேடா” என்பார் அண்ணன். “நீங்கள்லாம் பேசி முடிவு பண்ணுங்கடா. எங்க போடணும்னு சொல்லு, போடறேன்” என்பார் அக்கா. அக்காவின் இந்தப் பதில்தான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இரண்டு வருடமாக “பார்க்கலாம்ணே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், அரசி இறந்த அந்த வாரம் அண்ணனுக்குப் போன் செய்தார். “அக்கா பங்கை எடுத்து வெச்சிட்டு மிச்சத்தை நாம பிரிச்சுப்போம்ணே. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடறதா இல்லை.”

“யார்றா உனக்கு ஏத்திவிட்டது?” என்று கேட்டார் அண்ணன்.

ஸ்பெயின் நாட்டு ராஜா என்று சொல்ல முடியுமா? சொன்னாலும் அது முழு உண்மையாகாது. விளையாட்டு தன்னை மாற்றிவிட்டது என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. நியாயம் எது என்பது முதலிலிருந்தே அவருக்குத் தெரியும். ஆனால் அதுவரை அவர் நடு மகனாக மட்டும் இருந்து பார்த்திருந்தார். திரையில் ஒருமுறை தகப்பனாக இருந்து செத்து, மகளாக எழுந்து 19 ஆண்டுகள் ஆண்டவருக்கு, “ஒரு கையெழுத்துதானே” என்ற வார்த்தை வேறு மாதிரி காதில் விழுந்தது.

நல்ல முடிவு என்று எதுவும் வந்துவிடவில்லை. தம்பி தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான். பொங்கலிலிருந்து அண்ணன் பேசுவதில்லை. வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். “என்னாலதானே உங்களுக்குள்ள சண்டை?” என்று அக்காவே கோபித்துக்கொள்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் மீது நான்கு பேருக்கும் உரிமை இருக்கிறது.

உர்ராக்கா அரசியாக உட்கார்ந்து விளையாட்டைத் தொடங்க வழியில்லை. தொடக்க ஆண்டுகள் 867, 1066, பின்னால் சேர்த்த 1178, இவ்வளவுதான். 1109 கிடையாது. அவளைப் போன்ற ஒருத்தியிடம் போய்ச் சேர வேண்டுமானால் 1066-ல் அவள் தகப்பனாகத் தொடங்கி, சகோதரர்களைக் கடந்து, நாற்பது வருடம் ஆட வேண்டும். மகள் பிறப்பாள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பாங்க் அதிகாரி மறுபடி தொடங்கியிருக்கிறார். இந்த முறை பத்து வருடத்துக்கு ஒரு பக்கம் எழுதும் வேலை மகளுடையது. முதல் பக்கத்திலேயே அவள் ‘நான்’ என்றுதான் எழுதியிருக்கிறாள்.